கொலஸ்ட்ராலும் கொள்ளைக்காரர்களும்

"கொலஸ்ட்ரால் என்று ஒரு வியாதியே கிடையாது, மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை அது" என்று ஒரு பேச்சு இப்போது ஊரெல்லாம் உலாவுகிறது. டீக்கடை பெஞ்சில் பேசுகிறார்கள். மில் கேட்டில் பேசுகிறார்கள். களத்து மேட்டில் பேசுகிறார்கள். செல்போனில் யாரோ ஒருவன் ஆணியடித்தாற்போல முழங்குகிறான். அதை அண்ணன் தம்பிக்கு அனுப்புகிறான். தம்பி மச்சானுக்கு அனுப்புகிறான். கேட்பவர்களுக்கு இனிக்கிறது. ஏன் இனிக்கிறது? கம்பெனிக்காரனைத் திட்டுகிற பேச்சல்லவா!

நமக்கும் இனித்தது. அதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும்.

நமது சங்கத்துத் தோழர் ஒருவர். நூற்பு மில்லில் ரிங் பிரேமில் சைடர். முப்பது வருஷ சர்வீஸ். ஒரு முறை மாரடைப்பு வந்து, இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து வந்தவர். ராத்திரி ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு நாள் சங்க ஆபீசுக்கு வந்தவர், "தோழர், இந்த மாத்திரையெல்லாம் கம்பெனிக்காரன் தந்திரமாமே! நிறுத்திவிட்டேன்" என்றார். நாம் என்ன சொன்னோம்? "ஏகபோக முதலாளி எதைத்தான் செய்ய மாட்டான்!" என்று சிரித்தோம். உடனே போனஸ் பேச்சுவார்த்தையைப் பற்றிப் பேசப் போய்விட்டோம். எட்டு மாதம் கழித்து, மூன்றாவது ஷிப்டில், பிரேமுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. செங்கொடி போர்த்தித் தூக்கிக்கொண்டு போனோம்.

மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? ஒரு தனி மனிதர் விஷயத்தில் அப்படி ஆணையிட்டுச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் ஆயிரம் பேர் விஷயத்தில் சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் சிரித்தோமே, அது நமது குற்றம். முதலாளியை எதிர்ப்பது வேறு; விஞ்ஞானத்தை எதிர்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் சாகிறவன் முதலாளி அல்ல, தொழிலாளி.

கொலஸ்ட்ரால் என்பது என்ன?

கொலஸ்ட்ரால் என்பது மெழுகு போன்ற ஒரு பொருள். நமது உடம்பின் ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் அது இருக்கிறது. அது இல்லாமல் மனிதன் இல்லை. தேவையானதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலான உறுப்புகளே செய்துகொள்கின்றன. மீதி கொஞ்சம் சாப்பாட்டிலிருந்து வருகிறது. மெழுகு தண்ணீரில் கரையாது அல்லவா? அதுபோல இதுவும் இரத்தத்தில் கரையாது. ஆகவே வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அப்படிச் சுமந்து போகும் வண்டிகளில் ஒன்றுக்கு எல்.டி.எல். என்று பெயர். இந்த வண்டிகள் இரத்தத்தில் அளவுக்கு மீறிப் பெருகினால்தான் ஆபத்து.

இரத்தக் குழாயை ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலின் அடியில் வண்டல் படிகிற மாதிரி கொலஸ்ட்ரால் படிவதில்லை. அது கரைக்கு உள்ளேயே புகுந்து தங்குகிறது. கரை உள்ளுக்குள் உப்புகிறது. வருஷக்கணக்கில் வலி இல்லை, அடையாளம் இல்லை. ஒரு நாள் அந்த உப்பல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மடையில் தண்ணீர் நின்றால் கடைமடைப் பயிர் காய்கிற மாதிரி, இரத்தம் நின்றுபோன இருதயத் தசை செத்துப்போகிறது. அதுதான் மாரடைப்பு.

இதை யார் கண்டுபிடித்தது? 1913ல், ஜார் ஆண்ட ருஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலைத் தின்னக் கொடுத்தார். முயல்களின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் கொழுப்பு ஏறியது. பின்னாளில் சோவியத் மருத்துவ விஞ்ஞான அகாடமியின் தலைவராக இருந்தவர் இவர். கம்பெனிக் கதை என்று சொல்லுகிறவர்களை நாம் கேட்கிறோம்: 1913ல் எந்தக் கம்பெனியிடம் கொலஸ்ட்ரால் மாத்திரை இருந்தது? ஸ்டாட்டின் என்று சொல்லப்படும் மாத்திரைகளில் முதலாவது விற்பனைக்கு வந்ததே 1987ல்தான். எழுபத்து நான்கு வருஷம் கழித்து விற்கப்போகிற சரக்குக்கு எவனாவது அன்றைக்கே விளம்பரம் செய்வானா?

"முயல் புல் தின்கிற பிராணி; அதை வைத்து மனிதனைப் பற்றிச் சொல்லலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊரில், 1948ல் ஆரம்பித்து, 5,209 ஆண்களையும் பெண்களையும் வருஷக்கணக்காகப் பரிசோதித்து வந்தார்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கும், இரத்த அழுத்தம் கூடியவர்களுக்கும் இருதய வியாதி அதிகம் வருகிறது என்பதை 1961ல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு கோல்ட்ஸ்டீன், பிரவுன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், எல்.டி.எல். வண்டியைக் கல்லீரல் எப்படிப் பிடித்து இறக்குகிறது என்பதைக் கண்டார்கள். 1985ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பிடி பிறவியிலேயே பழுதாகி, தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் அந்தப் பழுதைப் பெற்ற குழந்தைகள் உண்டு. அவர்கள் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மலைபோல் ஏறுகிறது. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மாரடைப்பு வருகிறது. அந்தக் குழந்தைக்குப் பீடி உண்டா? சாராயம் உண்டா? எந்தக் கம்பெனி அந்தக் குழந்தைக்குக் கதை சொன்னது?

எழுபத்து நான்கு உயிர்கள்

கடைசியாக மாத்திரையின் கணக்கு. ஸ்வீடன், நார்வே முதலான ஐந்து நாடுகளில், ஏற்கெனவே இருதய வியாதி உள்ள 4,444 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடின் என்ற மாத்திரை. மறு பாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள, மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். 1994ல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 2,223 பேரில் 256 பேர் செத்திருந்தார்கள். மருந்து சாப்பிட்ட 2,221 பேரில் 182 பேர். வித்தியாசம் 74 உயிர். எழுபத்து நான்கு குடும்பங்களில் தாலி இறங்கவில்லை, தகப்பன் சாகவில்லை.

அந்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது அந்த மாத்திரையைச் செய்த கம்பெனிதான். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் செத்தவன் எண்ணிக்கையில் பித்தலாட்டம் செய்வது அவ்வளவு லேசல்ல. அதற்குப் பிறகு பல நாடுகளில், பல்கலைக்கழகங்கள் நடத்திய பரிசோதனைகளும் சேர்ந்து, லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களிடம் இதே திசையில்தான் கணக்கு வந்தது. 2007ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த வகை மருந்தை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மாத்திரையில் தொல்லையே கிடையாதா? உண்டு. சிலருக்குத் தசை வலி வரும். சிலருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். அப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொரு பித்தலாட்டத்தையும் இங்கே உடைக்க வேண்டும். "2015ல் அமெரிக்காக்காரனே கொலஸ்ட்ரால் குற்றமற்றது என்று சொல்லிவிட்டான்" என்கிறார்கள். அன்று நடந்தது என்ன? சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்ற வரம்பை அந்த நாட்டு உணவு வழிகாட்டிக் குறிப்பு கைவிட்டது. அவ்வளவுதான். முட்டையில் இருக்கும் கொலஸ்ட்ரால் பெரும்பாலான மனிதர்களுக்கு இரத்தத்தில் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது என்பது அதன் அர்த்தம். இரத்தத்தில் ஏறிய கொலஸ்ட்ரால் ஆபத்தில்லை என்பது அதன் அர்த்தமல்ல. தட்டில் இருப்பது வேறு, குழாயில் இருப்பது வேறு.

அப்படியானால் பொய் சொன்னவன் யார்?

கம்பெனிகள் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜனங்கள் டாக்டரையும் விஞ்ஞானியையும் நம்பாமல் போனதற்குக் காரணமே இந்தக் கொள்ளைக்காரர்கள்தான்.

சர்க்கரை முதலாளிகளின் கதையைக் கேளுங்கள். 1950களில், இருதய வியாதிக்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் எழுத ஆரம்பித்தார்கள். அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கிற்று. அவர்களுடைய ஆராய்ச்சி ஸ்தாபனம் 1965ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து நிபுணர்களுக்கு ஒரு காரியத்தை ஒப்படைத்தது. கூலி 6,500 டாலர். காரியம் என்ன? பழியெல்லாம் கொழுப்பின் தலையில் விழவேண்டும், சர்க்கரை தப்பவேண்டும். 1967ல் பெரிய மருத்துவப் பத்திரிகை ஒன்றில் அந்தக் கட்டுரை வந்தது. பணம் வாங்கியது அதில் ஒரு வரிகூட இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, 2016ல், கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்து இதை அம்பலப்படுத்தினார்கள். கொழுப்பின் மேல் குற்றம் இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. இரண்டு குற்றவாளிகளில் ஒருவனைக் காசு கொடுத்துக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

வனஸ்பதியைப் பாருங்கள். நெய் வாங்க முடியாத ஏழைக்கு நெய்க்குப் பதில் என்று சொல்லி, தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கி விற்றார்கள். அப்படிச் செய்கிறபோது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதை இறக்குகிறது என்பது 1990லேயே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. டென்மார்க் 2003ல் சட்டம் போட்டு நிறுத்தியது. நமது நாட்டில் எண்ணெயிலும் கொழுப்பிலும் இதை 2 சதவிகிதத்துக்குள் அடக்கும் உத்தரவு அமுலுக்கு வந்தது 2022 ஜனவரியில். டென்மார்க்குக்கும் நமக்கும் நடுவே பத்தொன்பது வருஷம்! அத்தனை வருஷமும் டீக்கடை பப்ஸிலும் பஸ் ஸ்டாண்டு பிஸ்கட்டிலும் அதைத் தின்றது யார்? மில் முதலாளியின் பிள்ளையா?

மருந்தின் கதை இன்னும் கொடுமை. ஸ்டாட்டினை முதலில் கண்டுபிடித்தவர் கம்பெனி முதலாளி அல்ல. ஜப்பானின் வடக்கே அகிதா பிரதேசத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி. ஏறத்தாழ 6,000 பூஞ்சைகளையும் நுண்ணுயிர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, 1973ல், பூசணத்திலிருந்து முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். 2024ல் காலமானார். அவர் உழைப்பின் வழியே வந்த மருந்துகளில் ஒன்றான அடோர்வாஸ்டாடினை ஒரே ஒரு அமெரிக்கக் கம்பெனி, பேடண்டு இருந்த காலத்தில், 12,500 கோடி டாலருக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் அந்தப் பேடண்டு 2011ல்தான் முடிந்தது.

நமது நாட்டில் அதே மருந்து மலிவாகக் கிடைத்தது எப்படி? கம்பெனியின் தர்ம சிந்தையினாலா? இல்லை. 1970ல் போட்ட பேடண்டுச் சட்டம், மருந்துப் பொருளின்மேல் எவனும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்று சொன்னது. ஆகவே நமது நாட்டுத் தொழிற்சாலைகள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்தன. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005ல் அந்தக் கதவு மூடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த புது மருந்துகளைப் பாருங்கள். 2015ல் அமெரிக்காவில் புதிய கொலஸ்ட்ரால் ஊசிகள் வந்தன. விலை வருஷத்துக்கு 14,000 டாலருக்கு மேல்! வாங்க ஆளில்லை, எதிர்ப்பு கிளம்பியது. 2018ல் அவற்றில் ஒன்றின் விலையை 5,850 டாலராகக் குறைத்தார்கள். மூன்றே வருஷத்தில் பாதிக்குக் கீழே குறைக்க முடிந்தது என்றால், முதலில் போட்ட விலை எந்தக் கணக்கு? கொள்ளைக் கணக்கு!

ஆகவே தோழர்களே, கம்பெனிக்காரனின் குற்றம் இல்லாத வியாதியை இருக்கிறது என்று சொன்னதல்ல. இருக்கிற வியாதியை வைத்துக் கொள்ளையடித்ததுதான். பஞ்ச காலத்தில் அரிசியைப் பதுக்குகிறவன் பாவி. அதற்காக அரிசியே பொய் என்று சொல்லிப் பட்டினி கிடப்போமா?

பணக்காரன் வியாதியா இது?

"கொலஸ்ட்ரால் நெய்யும் கறியும் தின்கிறவனுக்கு வருவது, கூழ் குடிக்கிறவனுக்கு எங்கே வரும்?" என்று நமது விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கேட்கிறார்கள். இதுவும் பழைய புளுகு.

லண்டனில் சர்க்கார் ஊழியர்கள் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 1967 முதல் பரிசோதித்தார்கள். மேலதிகாரிகளுக்குத்தான் கவலை அதிகம், அவர்கள்தான் மாரடைப்பில் சாவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது நேர் எதிர். மேல்மட்ட அதிகாரியைவிடக் கீழ்மட்டச் சிப்பந்தி இருதய வியாதியில் சாவது மூன்று மடங்குக்கு மேல்! புகை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சி நின்றது. உத்தியோகத்தின் கீழ்ப்படியில் இருப்பதே உயிரைத் தின்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2004ல் 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்றும் வெளியாயிற்று. மாரடைப்புக்கு முதற் காரணமாக நின்றவை இரத்தத்தில் கொழுப்பு வண்டிகளின் ஏற்றத்தாழ்வும் புகையிலையும்தான். பணக்கார நாட்டிலும் அப்படித்தான், ஏழை நாட்டிலும் அப்படித்தான். நமது தெற்காசிய மக்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு வருஷம் முன்னதாகவே முதல் மாரடைப்பு வருகிறது என்பதும் தெரிந்தது. ஆம்! பிள்ளைகள் தலையெடுக்காத வயதில்.

இப்போது உபதேசம் ஆரம்பிக்கிறது. "எண்ணெயைக் குறை, பழம் தின், காலையில் நட" என்கிறார்கள். நடவு வயலில் நாளெல்லாம் குனிந்து நிற்கும் தாயைப் பார்த்தா நடக்கச் சொல்கிறீர்கள்? ஆப்பிள் விலை என்ன, கூலி என்ன? ரேஷனில் கிடைப்பது பாமாயில். அதில் பாதி, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் உறைகொழுப்பு. கடலை விளைகிற நாட்டில் கடலை எண்ணெய்க்குக் காசில்லாத குடும்பம் அதில்தான் தாளிக்கிறது. அது அந்தக் குடும்பத்தின் குற்றமா? வாய்க்கு ருசி தேடியதன் பலனா? அல்ல. சட்டியில் எந்த எண்ணெய் விழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கூலியும் விலையும் சர்க்கார் கொள்கையும்தான்.

ஆனால் நம் கையில் இருப்பதை நாம் செய்ய வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுவோம். பீடியை விடவேண்டும். ஷிப்ட் இடைவேளையில் பற்றவைக்கும் பீடி, களைப்பைப் போக்குவதில்லை. பீடி முதலாளியின் பெட்டியை நிரப்புகிறது, நமது குழாயை அடைக்கிறது.

நாம் கேட்பது என்ன?

மில் தொழிலாளிக்கு வருஷம் ஒரு முறை இரத்தப் பரிசோதனை வேண்டும். அது வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா" என்ற பேச்சு ஒழிய வேண்டும். தினம் சாப்பிடவேண்டிய மாத்திரைக்கு ஒரு வாரம் இடைவெளி என்பது வைத்தியமல்ல, வஞ்சகம். 2021 முதல் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வரும் திட்டம் நமது மாநிலத்தில் நடக்கிறது. நல்ல காரியம். கொலஸ்ட்ரால் மாத்திரையும் தேவையானவருக்கு அதே பையில் தவறாமல் வரவேண்டும். அதைச் சுமந்துவரும் பெண் ஊழியருக்கு முறையான சம்பளமும் வேண்டும். ரேஷனில் கடலை எண்ணெய் வேண்டும். டிரான்ஸ் கொழுப்புச் சட்டம் காகிதத்தில் தூங்காமல், எண்ணெய் ஆலைகளிலும் பேக்கரிகளிலும் சோதனையாக நடக்க வேண்டும். உயிர் காக்கும் புது மருந்துக்கு ஏகபோக விலை போடுகிறவனிடமிருந்து, சட்டத்தில் உள்ள கட்டாய லைசென்ஸ் அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த மருந்தைச் செய்யும் உரிமையைப் பொதுத்துறைக்குக் கொடுக்க வேண்டும்.

இவை பிச்சை அல்ல. நாம் நூற்ற நூலிலிருந்தும் அறுத்த நெல்லிலிருந்தும் கட்டப்பட்ட கஜானாவில் நமது பங்கு.

தோழர்களே! மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள். நெஞ்சில் பாரமோ, இடது தோளில் வலியோ, காரணமில்லாமல் வியர்வையோ வந்தால், "வாயு" என்று சோடா குடித்துவிட்டு ஷிப்டை முடிக்கப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2023 முதல் நமது ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். மேஸ்திரி லீவு தரமாட்டேன் என்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஒரு தோழர் வந்து "மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றால், நாம் சிரிக்க மாட்டோம். பேச்சுவார்த்தை காத்திருக்கட்டும். அவரை உட்காரவைத்து, இந்தக் கணக்கைச் சொல்லி, மருந்தகத்துக்கு நாமே அழைத்துக்கொண்டு போவோம். ஒவ்வொரு மில் கமிட்டியும், ஒவ்வொரு கிராமத்துச் சங்கமும் அப்படியே செய்யட்டும்.

கொள்ளையை எதிர்த்துப் போராட வேண்டுமானால், முதலில் நாம் உயிரோடு இருக்க வேண்டும்!